நண்டுப் பருவம்

ஜூலை முதல் தேதி உன் படகு கிளம்பியபோது
தானிட்சா வைத்த இடத்தில் இருந்தாள்.
மாவு மூட்டை என்றாய், கன்னத்தைக் கிள்ளி.
ஏழு மாதம்.
அறையைப் பெருக்கிவிட்டுத் திரும்பினாலும்
அங்கேயே இருப்பாள்.

இப்போது இருப்பதில்லை.

முதலில் பின்னால்தான் போனாள்.
எதிரே கிடந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டே
கையை ஊன்றித் தள்ளித் தள்ளி
சோபாவுக்கு அடியில் போய்ச் சிக்கி,
கரண்டி தன்னை விட்டுப் போய்விட்டதென்று அழுதாள்.
ஆலையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்திருந்தேன்.
சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

வியாழக்கிழமை, துறைமுக ரேடியோவில்
"கீழே பல் ரெண்டு, ஓவர்" என்றேன்.
இரைச்சலுக்குள்ளிருந்து
உனக்கு முந்திக்கொண்டு யாரோ
"வாழ்த்துகள், ஓவர்" என்றான்.
அந்த ஆகஸ்டு முழுக்க
மகெல்லன் ஜலசந்தியில் கூண்டு இறக்கிய
எல்லாருக்கும் தெரியும்
நம் வீட்டுப் பல் கணக்கு.

கிளினிக்கில் நர்ஸ் மரக்கட்டையைக் காட்டி
துணியால் மூடினாள்.
தானிட்சா துணியை இழுத்து எறிந்தாள்.
"கண்ணில் படாததைத் தேடுகிறாள், நல்லது."
அட்டையில் ஒரு டிக்.
துணியை எடுத்து மடித்துக் கொடுத்தேன்.
இந்தப் பரீட்சையில்
எனக்கு யார் டிக் போடுவார்கள், ஒனோஃப்ரே?

அன்றிலிருந்து கழிவறைக் கதவைக்கூடச் சாத்த முடியவில்லை.
முன்பு, கண்ணில் படாவிட்டால் நான் இல்லை; அவ்வளவுதான்.
இப்போது கண்ணில் படாமல்
வேறெங்கோ இருக்கிறேன்.
அதற்குத்தான் அந்த அழுகை.

செப்டம்பர்க் காற்று உனக்குத் தெரியும்.
புந்தா அரேனாஸ் தெருமுனைகளில் கயிறு கட்டிவிட்டார்கள்.
வக்கீலும் பால்காரரும் பாதிரியாரும்
தொப்பியை ஒரு கையால் அமுக்கி
மறுகையால் கயிற்றைப் பற்றி நகர்கிறார்கள்.
வீட்டுக்குள் இவள்
நாற்காலியிலிருந்து கட்டில் விளிம்புக்கு,
கட்டிலிலிருந்து விறகுப் பெட்டிக்கு.
ஊருக்கே பத்து மாத வயது.

எழுந்து நிற்கத் தெரிந்துவிட்டது,
உட்காரத் தெரியவில்லை.
நள்ளிரவில் தொட்டில் கம்பியைப் பிடித்தபடி
தூக்கத்திலேயே நின்று அலறுவாள்.
முழங்காலை மடக்கி உட்காரவைப்பேன்.
மறுபடி நிற்பாள்.
ஒரு ராத்திரி பதினோரு முறை.
பன்னிரண்டாவதில் நானும் அழுதேன்.
ரேடியோவில் அதைச் சொல்லவில்லை.

"பாபா" என்றாள் என்று மட்டும் சொன்னேன்.
கெண்டியைப் பார்த்துச் சொன்னாள் என்று சொல்லவில்லை.
பிறகு செருப்பைப் பார்த்து.
பக்கத்து வீட்டு நாயைப் பார்த்து, மிகுந்த அன்போடு.

அக்டோபரில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்துகொண்டன.
ரொட்டித்துகள், நூல், செத்த ஈ,
தரையில் இருப்பது எனக்கே தெரியாத ஒரு கடுகளவு எதுவோ.
நாளெல்லாம் ஆலையில்
கொடுக்கு உடைத்து உடைத்து விரல் வெடித்திருக்கிறது.
வீட்டுக்கு வந்தால் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது.

நவம்பர் கடைசியில் நீ வந்தாய்,
டீசல் வாடை, காது வரை தாடி.
என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக் கத்தினாள்.
அட்டையில் அதற்கும் கட்டம் இருக்கிறதென்றேன்,
புதியவரைக் கண்டால் அழுகிறதா, ஆம், சரியான வயதில்.
நீ அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாய்.

உருளைக்கிழங்கு வெந்து முடியும் நேரம்.
நாற்காலி, மேசைக்கால், விறகுப் பெட்டி.
அதற்கு அடுத்ததாகக் கைக்கு எட்டியது
உன் முழங்கால்.
முகத்தைப் பார்க்கவில்லை அவள்.
பிடித்து நின்றாள்,
மரச்சாமானைப் பிடிப்பதுபோல.
உன் கம்பளிச் சட்டையில் ஒட்டியிருந்த
சிவப்பு ஓட்டுத் துணுக்கு ஒன்றை
இரண்டு விரலால் கிள்ளி எடுத்து
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நீ மூச்சுகூட விடவில்லை.
நாற்காலிகள் அப்படித்தான்.

வாயில் போட்டுக்கொண்டாள்.
துப்பு, துப்பு என்று
கரண்டியோடு ஓடி வந்தேன் நான்.